ஆயிரம் ரூபாவின் பெறுமதியைத் தீர்மானிப்பவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை எத்தனை ரூபா என்ற ஒரே கேள்வியோடு தொடங்கி அதே கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. அந்த ரூபா இன்றைக்கு எதை வாங்கும், அடுத்த தீபாவளிக்கு எதை வாங்கும், அதனைத் தீர்மானிப்பவர்கள் யார் என்ற கேள்விகளை எழுதுவோரும் எழுப்புவதில்லை, மேடையில் பேசுவோரும் எழுப்புவதில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் காம்பிராவொன்றில் பிறந்து, தாயார் கொழுந்து பறித்த சம்பளத்தில் படித்து, முப்பது ஆண்டுகள் வணிகக் கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தக் குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இப்போது புழக்கத்தில் உள்ள ஆயிரம் ரூபாத் தாளின் முன்பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பது நமது றம்பொடைச் சுரங்கப்பாதை. அந்தத் தாளையே ஒரு நாள் கூலியாகத் தரவேண்டும் என்பது பல ஆண்டுகளாக மலையகத்தின் ஒரே கோஷமாக இருந்தது. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்துகொண்ட 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா; 2019இல் 700 ரூபா; 2021 மார்ச் மாதத்தில், ஒப்பந்த முறை கைகூடாமல், சம்பள நிர்ணய சபையின் வழியாக வர்த்தமானியில் 1,000 ரூபா. அன்று வெடி கொளுத்திக் கொண்டாடியவர்களோடு நானும் நின்றேன். அந்த ஆயிரம் ரூபா அப்போது ஏறத்தாழ ஐந்து அமெரிக்க டொலருக்குச் சமமாக இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது மூன்று டொலருக்கும் குறைந்துவிட்டது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, முதல்நாள் மாலை பதினொரு லீற்றர் வாங்கியிருக்கக்கூடிய ஒரு நாள் கூலி மறுநாள் காலையில் மூன்று லீற்றருக்கும் போதாமற் போயிற்று. இதற்காக எந்தத் தோட்டத் துரையும் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பேர்ப்பதிவில், யாருடைய பேரையும் வெட்டவில்லை. வர்த்தமானியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வரலாற்றிலேயே மிகப்பெரிய கூலிக்குறைப்பு ஒன்று காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் ஒரு பெரட்டுக்களத்திலும் அறிவிக்கப்படாமல் நடந்து முடிந்தது.

சில மாதங்களுக்கு முன்பு ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பஸ்ஸில் ஓர் இளைஞர், “காசு அடிக்கிற மெஷின் கவர்மெண்ட்டுக்கிட்டதானே இருக்கு? நமக்கு ரெண்டாயிரம் குடுக்க அடிச்சா என்ன கொறஞ்சா போயிரும்?” என்று உரத்த குரலில் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் இருவர் “அதானே” என்றார்கள். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதால் பதில் சொல்ல வாய்க்கவில்லை. அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வியன்று. பொருளாதாரம் கற்ற அமைச்சர்களே அதை நம்பி நடந்த காலம் ஒன்று இருந்தது.

காசு அச்சிடுதல் என்பது பேச்சுவழக்குத்தான். பெரும்பாலும் அங்கே மெஷினும் இல்லை, தாளும் இல்லை. அரசாங்கத்துக்கு வரிப்பணம் போதாதபோது அது திறைசேரி உண்டியல்களை, அதாவது இத்தனை நாளில் திருப்பித் தருகிறேன் என்ற கடன் பத்திரங்களை விற்கிறது. அவற்றை வங்கிகளும் சேமநிதிகளும் வாங்கினால், ஏற்கெனவே யாரோ சேமித்த பணம் கைமாறுகிறது, அவ்வளவுதான். அதே உண்டியலை மத்திய வங்கி வாங்கினால், அந்தத் தொகையை அரசாங்கத்தின் கணக்கில் வரவாக எழுதிவிடுகிறது. எழுதுவதற்கு முன்பு அந்தப் பணம் எவரிடமும் இருக்கவில்லை. பேரேட்டில் ஒரு வரி எழுதப்பட்டதும் அது பிறந்துவிடுகிறது. அதிலிருந்து சம்பளம், ஓய்வூதியம், ஒப்பந்தக்காரரின் பட்டியல் எல்லாம் கொடுக்கப்பட, அது கடைக்கும் சந்தைக்கும் வந்து சேர்கிறது. சந்தையில் பொருள்களும் அதே அளவில் பெருகியிருந்தால் தீங்கில்லை. வளரும் நாட்டுக்குப் பணமும் வளரத்தான் வேண்டும். பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால், அரிசி மூட்டை அதேதான், அதைத் துரத்தும் தாள்கள்தாம் கூடுதல்.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதையடுத்துப் பெருந்தொற்று வந்து சுற்றுலாவும் நின்றது. வருமானம் வற்றிய அரசாங்கத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க எவரும் முன்வராதபோது, மிஞ்சிய உண்டியல்களை மத்திய வங்கியே எடுத்துக்கொண்டது. 2019 முடிவில் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்த அதன் அரச பிணையங்கள், அதாவது அதன் கையிலிருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள், 2022 முடிவதற்குள் இரண்டாயிரம் பில்லியனைக் கடந்துவிட்டன. அப்படிப் பிறந்த ரூபாக்கள் இறக்குமதிப் பொருள்களையும் தேடின. இறக்குமதிக்கு டொலர் வேண்டும்; டொலரை ஏறத்தாழ 200 ரூபாவிலேயே பிடித்துவைக்க, 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு கரைந்து, 2022 மார்ச்சில் எடுத்துச் செலவிடக்கூடியதாக மிகச் சொற்பமே எஞ்சிய நிலைக்கு வந்தது. மார்ச் 7ஆம் திகதி பிடி தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். எல்லாப் பழியையும் அச்சிட்ட பணத்தின் மீது போடுவது நியாயமாகாது. இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்தது, உக்ரைன் போரால் எரிபொருளும் கோதுமையும் உலகெங்கும் ஏறின. ஆனால் அதே உலக விலைகளைச் சந்தித்த அயல்நாடுகள் எழுபது சதவீதத்தைக் காணவில்லை.

அந்த மாதங்களில் எங்கள் பகுதிக் கடையொன்றில் நான் கண்ட ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் மாதம் முழுவதும் பற்றில் சாமான் எடுத்து, பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது வழமை. கடைக்காரர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருப்பார். திகதி, சாமான், விலை என்று மூன்று நிரல். 2022 மே மாதத்தில் ஒருநாள் நான் போனபோது, அவர் ஓர் அம்மாவின் கொப்பியில் மா ஐந்து கிலோ, சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக்கிலோ என்று எழுதிவிட்டு, விலை நிரலை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “சேர், இன்னைக்கு வெல போட்டு எழுதினா, பத்தாந்திகதி அந்தக் காசுக்கு நான் பாதிச் சாமான்கூட எடுக்க முடியாது. சம்பளத்தன்னைக்கு என்ன வெலயோ அத போட்டுக்குவோம்” என்றார். அந்த அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் பற்றே கிடைக்காது.

பணத்துக்கு நான்கு தொழில்கள் உண்டு என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான்: பரிமாற்றத்துக்கு ஊடகம், பெறுமதியின் அளவுகோல், சேமிப்பின் களஞ்சியம், பிற்காலக் கொடுப்பனவின் நியமம். கடைசித் தொழில் மாணவர்களுக்கு எப்போதும் விளங்காது. பரீட்சைக்கு மனனம் செய்துவிடுவார்கள். அந்த வெற்று நிரலைக் கண்டபோது எனக்கே அது முழுதாக விளங்கியது. ஐந்து கிலோ மா என்பதுதான் கடன். ரூபா அந்தக் கடனை அளக்கும் தகுதியை இழந்து, கொப்பியிலிருந்தே வெளியேற்றப்பட்டிருந்தது. கடைக்காரர் தம் பங்குக்குத் தம்மைக் காத்துக்கொண்டார். மொத்த வியாபாரி அவருக்கு முன்பே காத்துக்கொண்டிருப்பார். உழைப்பைத் தவிர வேறொன்றும் விற்க இல்லாதவர், அதையும் வர்த்தமானியில் எழுதப்பட்ட தொகைக்கே விற்க வேண்டியவர், யாரிடம் போய் நிரலை வெறுமையாக விடச் சொல்வார்? “இந்த மாதம் நான் கொழுந்து பறிக்கிறேன், பத்தாம் திகதி என்ன விலைவாசியோ அதைப் பார்த்துக் கூலி போட்டுக்கொள்வோம்” என்று சொல்லக்கூடிய தொழிலாளி எந்தத் தோட்டத்திலும் இல்லை. பணவீக்கத்தை வரி என்று சொல்வதன் பொருள் இதுதான். பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படாத, வருமானம் குறைந்தவரிடமே கூடுதலாக அறவிடப்படும் வரி.

இதே காலத்தில் தேயிலைக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். தேயிலை டொலர் பெறுமதியில் விலைபோகிறது, கூலி ரூபாவில் எழுதப்படுகிறது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி உரத்தடையின் விளைவாக 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாகக் குறைந்தது. ஏற்றுமதி வருமானமும் டொலர் கணக்கில் சற்றுக் குறைந்தது. ஆனால் ரூபாக் கணக்கில் அது ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடியது. கொழும்பு ஏலத்தில் சராசரி விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரம், எரிபொருள், பொதியிடல் எல்லாவற்றுக்கும் கம்பனிகள் கூடுதலாகச் செலவிட்டன என்பது உண்மை, அதை மறைத்து எழுதுவது முறையாகாது. எனினும் அவ்வாண்டு கூலி மட்டும் அதே ஆயிரத்தில் நின்றது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. ஆனால் 2021 மார்ச் தொடக்கம் அதுவரை விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அதாவது பழைய ஆயிரம் வாங்கிய சாமானை வாங்கவே இரண்டாயிரம் அளவில் தேவை. டொலரில் பார்த்தாலும் 1,350 ரூபா அன்று நாலரை டொலர். 2021இன் ஐந்து டொலரையே அது எட்டவில்லை. நாம் மேடையில் 35 சதவீத உயர்வு என்று மாலை போட்டுக்கொண்டோம்.

ரூபாவுக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1884க்கு முன்பு இலங்கையில் புழங்கிய தாள்களைத் தனியார் வங்கிகளே வெளியிட்டன. அவற்றுள் ஒன்றான ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் காப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. இலைத்துரு நோய் வந்து காப்பி அழிய, அந்த வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடியது. அதன் தாள்களுக்குத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரச உத்தரவாதம் அளித்தார்; அதே ஆண்டில் சட்டமியற்றி, தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மலையகக் காப்பித் தோட்டங்களில் ஓர் இலையில் பிடித்த நோய்தான் இந்நாட்டின் நாணயத்தாளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது என்பதை நம் பிள்ளைகளின் பாடநூலில் எங்கும் நான் கண்டதில்லை.

அப்போது ஏற்படுத்தப்பட்ட நாணயச் சபை முறையில், கையிருப்பில் உள்ள வெள்ளிக்கும் பிணையங்களுக்கும் மேல் ஒரு தாளும் வெளியிட முடியாது. இன்றைக்கும் கொழும்பில் சிலர் அந்த முறைக்கே திரும்பலாம் என்கிறார்கள். அவர்களுக்கு 1930களை நினைவூட்ட விரும்புகிறேன். உலக மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தது, தாங்கிப்பிடிக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை, தோட்டங்களில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே வெட்டப்பட்டது. ஆகவேதான் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்படி, ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கரின் திட்டத்தைக் கொண்டு, 1950 ஆகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி தொடங்கப்பட்டது. பணத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கை வேண்டும். அந்தக் கையைத் திறைசேரி தன் விருப்பம்போல் இழுக்கக் கூடாது. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடைசெய்திருக்கிறது. அதைச் சர்வதேச நாணய நிதியத்தின் சதி என்று நம் தொழிற்சங்க மேடைகளிலும் சிலர் பேசினார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களிடம் அப்படிப் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தோடு மத்திய வங்கியைப் பாராட்டிவிட்டு எழுந்துபோகவும் என்னால் முடியாது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலுக்கு மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தப்பட்டன. 2023 மார்ச்சில் கடன்வழங்கும் வீதம் 16.5 சதவீதம்வரை சென்றது. அதற்கு முன்பே திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கசப்பான மருந்து, தேவையான மருந்து. சேமிப்பு வைத்திருந்தவருக்கு அது இலாபம்கூட. ஆனால் ஹட்டன் நகரில் வங்கி மேலதிகப் பற்றில் கடை நடத்தியவர்கள் வேலைக்கு வைத்திருந்த பையன்களை நிறுத்தினார்கள், கொழும்பில் கட்டட வேலைக்குப் போன நம் இளைஞர்கள் பையோடு திரும்பி வந்தார்கள். பின்னர் பணவீக்கம் தணிய வட்டியும் இறங்கி, 2024 நவம்பரில் அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதம் 8 சதவீதமாகவும், 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமாகவும் வந்தது. அந்த இறக்கம் லயத்துக்கு வந்து சேர்ந்ததா என்று யாராவது பார்த்தார்களா? வந்து சேரவில்லை. குழுக்கடன் எடுத்த பெண்கள் ஒவ்வொரு கிழமையும் அதே தவணையைத்தான் கட்டினார்கள். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் மத்திய வங்கியின் அறிவித்தலைப் பார்த்து வட்டி குறைப்பவரல்லர்.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். வங்கி காணி உறுதி கேட்கும். இருநூறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் காம்பிராவுக்கு நம்மவரிடம் உறுதி இல்லை. வீட்டுக் காணி 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது, உறுதி கையில் கிடைத்த குடும்பங்கள் சொற்பம். காணிப் பிரச்சினையை நாம் உரிமைப் பிரச்சினையாக மட்டும் பேசிவந்திருக்கிறோம். அது நாணயக் கொள்கைப் பிரச்சினையும்கூட. வட்டி ஏறும்போது வேலையிழப்பாக அது மலைக்கு ஏறி வருகிறது, இறங்கும்போது கொடுக்கும் சலுகை அடகு வைக்க உறுதி உள்ளவரோடு நின்றுவிடுகிறது. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவைப் போன்ற இந்த அமைப்பை மத்திய வங்கி அறிக்கைகள் எதிலும் நான் வாசித்ததில்லை.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. தோட்டத் தொழிலாளிக்கு வாழ்நாளில் சேரும் முக்கிய சேமிப்பு அதுதான்: சம்பளத்தில் அவர் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிதியைப் பாதுகாத்து முதலீடு செய்வது மத்திய வங்கி. என் அக்கா முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து, 2022 நடுப்பகுதியில் அந்தப் பணத்தை எடுத்தார். இரண்டு அறைகள் கட்டுவதற்கு 2021இலேயே மேசனிடம் கணக்குக் கேட்டு வைத்திருந்தார். அப்போது சீமெந்துப் பை ஆயிரம் ரூபா அளவில் இருந்தது. பணம் கைக்கு வந்தபோது அது மூவாயிரத்தை நெருங்கியிருந்தது, தகரமும் கம்பியும் அதே கதை. சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது. மேலே தறப்பாள் கட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அக்கா கல்வரிசையின் மேல் பழைய கொழுந்துச் சாக்கை விரித்து மூடிவைக்கிறார். அந்த ஆண்டு சேமலாப நிதி அங்கத்தவர்களுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 9 சதவீதம். ஆண்டுச் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்துக்கும் மேல். இதற்குப் பிறகு 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, நிதி தன் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களைக் கொடுத்து, தொடக்கத்தில் 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் தரும் நீண்டகால முறிகளை ஏற்க வேண்டியதாயிற்று. மறுத்தால் அந்த வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். வங்கிகளின் முறிகள் அவ்வாறு தொடப்படவில்லை. வங்கிகள் விழுந்தால் வைப்பாளர்களும் விழுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆயினும், அச்சிட்ட பணத்தால் முதற்தடவை தேய்ந்த அதே சேமிப்பு, அந்தக் குழப்பத்தைச் சீர்செய்வதற்காக இரண்டாந்தடவையும் தேய்க்கப்பட்டது என்பதை மலையகத்தின் பிரதிநிதி ஒருவராவது தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பமான விடயம் உண்டு. புதிய சட்டத்தின் கீழ் மத்திய வங்கி பணவீக்கத்தை 5 சதவீதத்தில், இரண்டு புள்ளிகள் கூடக்குறையப் பேண வேண்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் தவறினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, கீழ்ப்பக்கமாகத் தவறியபோதும் அப்படி விளக்கம் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த 5 சதவீதம் அளக்கப்படுவது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால். அதன் கூடையில் உணவுக்குக் கொடுக்கப்பட்ட நிறை கால்பங்கைவிடச் சற்றுக் கூடுதல். வீட்டு வாடகை, மின்சாரம், போக்குவரத்து போன்றவை மீதி இடத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கின்றன. தோட்டத்துக் குடும்பத்தின் செலவில் ஏறத்தாழ பாதி சாப்பாட்டுக்கே போகிறது. 2024 செப்டெம்பர் தொடக்கம் பல மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே என்று செய்தி வந்தபோது, “எங்க கடையில மட்டும் ஏன் சேர் கொறையல?” என்று கேட்டவர்களுக்கு நான் இரண்டு பதில்கள் சொன்னேன். வீழ்ந்ததில் பெரும்பங்கு மின்கட்டணமும் எரிபொருளும். நம் வீட்டுப் பட்டியலில் அவற்றின் பங்கு சிறியது. மற்றது, பணவீக்கம் சிறிது பூச்சியத்துக்குக் கீழே போனது என்பதற்காக, இரு மடங்கான விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிடாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர், “அப்ப கொழும்பு ஆளுங்க சாப்பிடுறத வச்சித்தான் நம்ம காச அளக்கிறாங்க” என்றார். என்னுடைய இரண்டு பதில்களையும்விட அது தெளிவாக இருந்தது.

இவற்றையெல்லாம் எழுதுவதன் நோக்கம், சம்பளப் பேச்சுவார்த்தையின் முறை மாற வேண்டும் என்பதே. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை ஒரு முழு எண்ணைக் கோஷமாக்கி, அதைப் பெறுவதற்குள் அதன் பெறுமதி போய்விடும் வழமையை விட்டு, அடிப்படைச் சம்பளத்தை ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு இணைக்கும்படி தொழிற்சங்கங்கள் கோர வேண்டும். அதுவும் கொழும்புச் சுட்டெண்ணோடு அல்லாமல், உணவுக்குக் கூடுதல் நிறை தரும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு. இது புதுமையான கோரிக்கையன்று. 1941ஆம் ஆண்டுச் சம்பள நிர்ணய சபைச் சட்டத்துக்குப் பின்வந்த காலத்தில், தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தில் வாழ்க்கைச் செலவோடு ஏறியிறங்கும் விசேட படி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். சம்பளத்தை விலையோடு கட்டினால் விலை இன்னும் ஏறும் என்று பொருளியலாளர் சொல்லக்கூடும். நாட்டின் எல்லாச் சம்பளங்களுக்கும் அந்த அச்சம் பொருந்தலாம். ஆனால் தேயிலையின் விலையை மொஸ்கோவிலும் பக்தாதிலும் வாங்குபவர்களே தீர்மானிக்கிறார்கள். கொழுந்து பறிப்பவரின் கூலி ஏறியதால் ஹட்டனில் பாண் விலை ஏறப்போவதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மத்திய வங்கியின் நாணயக் கொள்கைத் தீர்மானம் ஆண்டுக்கு ஆறு தடவை வருகிறது. தமிழிலும் வெளியிடுகிறார்கள். ஆனால் அதில் வரும் ‘துணைநில் வைப்பு வசதி வீதம்’, ‘நியதி ஒதுக்கு விகிதம்’ போன்ற சொற்றொடர்களை வணிகக் கல்வி கற்பித்த நானே இரண்டு முறை வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். பத்திரிகைகளும் அவற்றை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகின்றன. கொழும்புத் தேயிலை ஏல விலைக்குத் தாங்கள் இடம் ஒதுக்குகிறீர்கள். அதன் பக்கத்தில் நான்கு வரிகள் போதும். வட்டி ஏறியதா இறங்கியதா, ஏன், அதனால் அடகுக்கும் கடனுக்கும் சேமலாப நிதிக்கும் என்ன நடக்கும், சென்ற ஆண்டு இதே மாதத்தில் ஒரு நாள் சம்பளம் எத்தனை கிலோ மா வாங்கியது, இப்போது எத்தனை கிலோ வாங்குகிறது. அடுத்த தீர்மானம் வெளிவரும் நாளில் அந்த நான்கு வரிகளை எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். மா விலையைக் கொப்பிக்காரரிடம் கேட்டுக்கொள்வேன். இப்போது அவர் விலை நிரலையும் நிரப்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை வணிகக் கல்வி ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.